கவலை வாரியும் கருநெல்லியும்: சேலம், நாமக்கல் சமவெளியில் முதுமையின் வலு

சேலத்துக்குத் தென்மேற்கே, இளம்பிள்ளை போகும் வழியில் நிற்கும் கஞ்சமலை இரண்டு காரணங்களால் பெயர் பெற்றது: இரும்பு, இளமை. மலைப்பாறையில் மேக்னடைட் என்னும் காந்தத் தாது பரவிக் கிடக்கிறது. சேலம் வட்டாரத்துத் தாதுவை நம்பித்தான் ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். அடிவாரத்துச் சித்தர் கோயிலின் தலக்கதை இளமையைப் பற்றியது. மூப்பை வெல்லும் மூலிகையைத் தேடி வயது முதிர்ந்த சித்தர் ஒருவர் சீடரோடு இந்த மலைக்கு வருகிறார். குரு மூலிகை தேடப் போக, சீடர் சோறு ஆக்குகிறார். பக்கத்தில் கிடந்த ஒரு செடியின் குச்சியால் உலையைக் கிளற, சோறு கறுத்துப் போகிறது. குரு கோபிப்பாரே என்று பயந்து கறுத்த சோற்றைத் தானே தின்றுவிட்டு வேறு சோறு ஆக்கி வைக்கிறார். திரும்பி வந்த குருவின் முன் நின்றவன் ஓர் இளைஞன். நடந்ததை அறிந்த குருவும் அதே சோற்றால் இளமை பெற்றார் என்று கதை முடிகிறது. திருமூலர், காலாங்கி ஆகிய பெயர்கள் இக்கதையோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. அமாவாசை தோறும் இங்கே நீராடக் கூட்டம் கூடுகிறது.

கதைக்குப் பின்னால் ஒரு மருத்துவ மரபு இருக்கிறது. நரை, திரை, மூப்பு மூன்றையும் தள்ளிப்போடும் முறைக்குச் சித்த மருத்துவம் காயகற்பம் என்று பெயர் வைத்தது. கருநெல்லி, கருநொச்சி, கரிசலாங்கண்ணி, வேம்பு, கடுக்காய் ஆகியவை அதன் மூலிகைகள். இஞ்சி, சுக்கு, கடுக்காய் மூன்றையும் நாளின் மூன்று பொழுதுகளில் ஒரு மண்டலம் உண்ணும் வழக்கம் இன்றும் வீடுகளில் உண்டு. இரும்பைப் புடம் போட்டுச் செய்யும் அயச் செந்தூரம் வெளுப்பு நோய்க்குத் தரப்பட்டது; இரத்தம் குன்றினால் முதியவர்களின் நடை தளரும் என்பதால் அதுவும் கால்களுக்கான மருந்தே. ஆனால் சித்தர்கள் மருந்தோடு நிறுத்தவில்லை. பத்தியம், மூச்சுப் பயிற்சி, இருக்கைகள் ஆகியவை சேர்ந்ததுதான் அவர்கள் சொன்ன கற்பம். திருமந்திரத்தில் யோகத்துக்கென்றே ஒரு தந்திரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மக்கள் நினைவில் தங்கியது மூலிகைக் கதை. பயிற்சிப் பகுதி மடங்களுக்குள் ஒதுங்கிவிட்டது.

சமவெளியில் கிழவர்களையும் கிழவிகளையும் நிமிர்ந்து நடக்க வைத்தது மூலிகை அல்ல. அந்த மண்ணில் அன்றாடம் செய்த வேலையே அவர்களைத் தாங்கியது. அதைப் பேசுமுன் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முற்காலத்தில் முதுமையை எட்டியவர்களே குறைவு. மூன்றாம் மைசூர்ப் போருக்குப் பின் 1792-இல் சேலமும் பாரமகாலும் கும்பினியார் கைக்குப் போயின. அடுத்த நூற்றாண்டில், 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் மிகக் கொடுமையாக வாட்டிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் இருந்த மக்கள்தொகை 1881-இல் பெரிதும் சுருங்கிவிட்டது. விடுதலை பெற்ற காலத்தில்கூட இந்தியர் ஒருவரின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 32 வயதை ஒட்டியே இருந்தது. ஆகவே, “அந்தக் காலத்துக் கிழவர்கள் எல்லாம் இரும்பு மாதிரி” என்ற பேச்சில் பாதிதான் உண்மை. பிள்ளைப் பருவ நோய்களையும் காலராவையும் பஞ்சத்தையும் தாண்டி மிஞ்சிய வலுவானவர்களையே அடுத்த தலைமுறை பார்த்தது. இருந்தாலும் அந்த மிஞ்சியவர்களின் உடம்பைக் கட்டிக் காத்தது எது என்ற கேள்வி பொருளுள்ளது. அதற்கு விடை தோட்டத்திலும் தறிக்குழியிலும் அடுப்படியிலும் இருக்கிறது.

கொங்கு நாட்டில் கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் தோட்டம். மழையை நம்பிய நிலம் காடு. தோட்டத்தின் உயிர், எருதுகளைக் கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை. கிணற்று மேட்டிலிருந்து சரிந்து இறங்கும் மண்பாதைக்கு வாரி என்று பெயர். கிணற்றுக்குள் தொங்கும் சால் என்னும் தண்ணீர்ப் பாத்திரத்தை வடம் தாங்கும். சாலின் அடியில் தோலால் ஆன தும்பி, அதற்குத் தனிக் கயிறு. எருதுகள் வாரியில் இறங்கும்போது சால் மேலே வரும். தும்பி தொட்டியில் திறந்து தண்ணீரைக் கொட்டும். இறங்கும் வேளையில் கவலை ஓட்டுபவர் வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். அவருடைய எடையும் எருதுகளின் இழுப்போடு சேரும். ஆடும் கயிற்றில் பிடிமானமின்றி இடுப்பை நிலைநிறுத்திக்கொண்டு போக வேண்டும். அடிவாரம் வந்ததும் சட்டென்று இறங்கி, எருதுகளைப் பின்புறமாகவே மேட்டுக்கு ஏற்ற வேண்டும். அவரும் அவற்றோடு பின்னோக்கி நடந்து ஏறுவார். கோழி கூப்பிடும் நேரத்தில் தொடங்கி வெயில் ஏறும்வரை இதே இறக்கமும் ஏற்றமும்தான்.

இன்றைய இயன்முறை மருத்துவர் ஒருவர் இந்த வேலையைப் பார்த்தால் தன் பாடப் பகுதிகளை அடையாளம் கண்டுகொள்வார். பின்னோக்கி நடக்கும்போது கண் வழிகாட்டாது. உள்ளங்காலின் உணர்வும் கணுக்காலின் தசையும் உட்செவியும் உடலை நிறுத்த வேண்டும். முதுமையில் மங்குவது இந்த மூன்றின் கூட்டு வேலைதான். அதனால்தான் தடுமாறும் முதியவர்களுக்குப் பின்னடை ஒரு பயிற்சியாகக் கற்றுத் தரப்படுகிறது. சரிவில் பின்னோக்கி ஏறுவது தொடையின் முன்தசைக்கு வேலை. உட்கார்ந்த இடத்திலிருந்து கையூன்றாமல் எழ உதவுவதும் அதே தசை.

வயது ஏறிய பிறகு கவலை ஓட்டுவது மகன் கைக்குப் போகும். தாத்தாவாகிவிட்ட அப்பாரு வேலையை விட்டுவிட மாட்டார். மடை திருப்பப் போவார். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் மடையை அடைத்து அடுத்த பாத்தியைத் திறக்க வேண்டும். பாதம் ஒன்றுதான் வைக்க முடிகிற, நனைந்து வழுக்கும் வரப்பில் காலை மாற்றி மாற்றி நடப்பதும், குனிந்து மண் அள்ளி நிமிர்வதும் ஒரு பொழுதில் எண்ணற்ற தடவை நடக்கும். உடலுக்கு ஏற்ற அளவில் வேலை குறைந்தது, ஆனால் நின்றுபோகவில்லை. முதுமைக்கென்று தனியே ஓய்வுநாள் குறிக்கப்படாததில் ஒரு கொடுமை உண்டு. உடல் ஒரேயடியாக முடங்கிவிடாமல் இருந்ததும் அதனால்தான்.

ஆற்றங்கரையிலும் ஆழம் குறைந்த கிணறுகளிலும் ஏற்றம் இருந்தது. நீண்ட மரத்தின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடக்க, மரம் தாழ்ந்தும் உயர்ந்தும் தண்ணீர் இறைக்கும். அதை இளைஞர்களே மிதித்தார்கள். முதியவர்களுக்கு உரிய வேலை அல்ல அது.

பெண்களின் உழைப்பு இன்னும் நீளமானது. கம்பைத் தண்ணீர் தெளித்து உரலில் குத்தி, புடைத்து, மீண்டும் குத்தினால்தான் களிக்கும் கூழுக்கும் ஆகும். உலக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும். தோளும் முதுகும் தொடையும் ஒரே தாளத்தில் இயங்கும். ராகி திருகையில் அரைபடும். அதற்குத் தரையில் ஒரு காலை நீட்டி உட்கார வேண்டும். அம்மியும் ஆட்டுக்கல்லும் குந்தி உட்கார்ந்து செய்கிற வேலை. கோலம் போடக் குனிவது, சாணம் மெழுகத் தவழ்வது, நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றுவது என்று ஒரு நாளில் தரைக்கும் நிலைக்கும் இடையே உடல் எத்தனையோ முறை இறங்கி ஏறியது. எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பவே தன்னைக் கட்டிக்கொள்கிறது என்று ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-இல் நிறுவினார். குடமும் உலக்கையும் அந்தப் பாரத்தைத் தந்தன. அதே உழைப்பு, போதிய உணவில்லாமல் அடுத்தடுத்துப் பிள்ளை பெற்ற உடம்புகளை ஒடித்தும் போட்டது. கூன் விழுந்த கிழவி தெருவுக்கு ஒருவர் இருந்ததற்கும் இந்த வாழ்வே காரணம்.

சேலத்துக் குகை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டைப் பகுதிகளிலும் இளம்பிள்ளை, இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்திலும் தொழில் நெசவு. குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மாற்றி மாற்றி அழுத்துவார். கை நாடாவை ஓட்டும். கணுக்காலுக்கு ஓயாத வேலை, முதுகுக்கு ஓயாத வளைவு. ஈரக்குழியில் காலை வைத்தே வாழ்ந்ததால் மூட்டு வலியும் கால் வீக்கமும் இந்தத் தொழிலோடு வந்தன. கண் மங்கி, கை நடுங்கத் தொடங்கியவர் தறியை விட்டு இறங்குவார். அப்போது அவருக்குக் காத்திருந்தது பாவடி. நெசவின் நெடுக்கு நூலாகிய நீண்ட பாவைத் தெருவிலோ திடலிலோ விரித்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை ஒட்டாமல் நீவிக்கொண்டே முனைக்கு முனை நடக்க வேண்டும். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலை. பல கைகள் வேண்டும் என்பதால் வயதானவர்களுக்கும் அதில் இடம் இருந்தது. சேலத்தில் பாவடி என்ற பெயர் தெருக்களுக்கும் பள்ளிகளுக்கும் இன்றும் நிலைத்திருப்பது அந்தத் தொழிலின் எச்சம். பாட்டிமார் ராட்டையில் தார் சுற்றினார்கள். ஒரு குடும்பத்தில் எல்லா வயதுக்கும் ஒரு வேலை இருந்த தொழில் இது.

புதுப்பாளையத்தில், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், இராஜாஜி 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கியபோது கதர் நூற்பு அந்தப் பாட்டிமார் கைக்குக் கூலியாகத் திரும்பியது. மழை பொய்த்த ஊர்களில் ராட்டை ஒரு குடும்பத்தின் கஞ்சிக்கு வழி செய்தது. இராஜாஜியின் உடம்பே இங்குக் கவனிக்கத் தக்கது. மெலிந்த மேனி, அடிக்கடி இழுக்கும் மூச்சு. சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த அவர் உப்புச் சத்தியாகிரகத்துக்காக 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நடந்து வேதாரண்யம் சேர்ந்தபோது வயது 51. அந்த நடைக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. 1959-இல், 80 வயதில், இராஜாஜி புதுக்கட்சி ஒன்றைத் தொடங்கினார். கவிஞர் 83 வயதிலும் இராஜாஜி 94 வயதிலும், இருவரும் 1972-இலேயே மறைந்தார்கள். நெடுநாள் வாழ உரத்த உடம்பு வேண்டும் என்பதில்லை. அளவான உணவும், கடைசிவரை கையில் ஒரு காரியமும், நடையும் இராஜாஜிக்கு இருந்தன.

நடையை இந்தச் சமவெளி வழிபாடாகவும் வைத்திருந்தது. திருச்செங்கோட்டு மலைக்கு 1,200-க்கும் மேற்பட்ட படிகள். அவற்றில் அறுபதாம்படி சத்தியம் செய்யும் இடம். வழக்குகள்கூட அங்கே தீர்ந்தன. வாகனப் பாதை வந்த பிறகும் படியேறுவோர் உண்டு. கொல்லிமலையில் வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்கள் சுமையைத் தலையில் வைத்துப் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கி, உப்பும் துணியும் வாங்கி மறுபடி ஏறினார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளோடு இன்று பேருந்து ஏறும் மலை அது. எடப்பாடிப் பருவதராஜகுலத்தார் தைப்பூசத்தை ஒட்டிக் காவடியோடு பழனிக்கு நடந்து போகிறார்கள். பல தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம். மலைமேல் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்வதும் அவர்கள் மரபு. இப்படிப்பட்ட யாத்திரையில் வயதானவர்களும் சேர்ந்து நடக்கிறார்கள். விரதம் தொடங்கியதும் நாள்தோறும் விடியலில் நடந்து காலைப் பழக்கிக்கொள்ளும் ஒழுங்கு அதில் இருக்கிறது. தனியாகச் சொன்னால் கேட்காத கால்களைக் கூட்டமும் வேண்டுதலும் நடக்க வைக்கின்றன.

உணவைப் பற்றிப் பேசும்போது பழமைப் பற்று அதிகம் கலந்துவிடுகிறது. கம்பு, ராகி, சோளம், மலையில் சாமையும் தினையும் அன்றாட உணவாக இருந்தன. நெல்லுச்சோறு விருந்துக்கு வந்தது. ராகியில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. கம்பில் இரும்புச் சத்து உண்டு. ஆனாலும் தசைக்கு வேண்டியது புரதம். அதைக் கொடுத்தவை கொள்ளும் நிலக்கடலையும் அவரையும் மோரும். கொள்ளுப்பருப்பு கடைசலும் கொள்ளு ரசமும் கொங்குச் சமையலின் அடையாளமானது வெறும் சுவையால் அல்ல, மானாவாரிக் காட்டில் வேறெதுவும் அவ்வளவு எளிதாக விளையாததால். பின்னாளில் மரவள்ளி பரவியது. சேலம் ஜவ்வரிசிக்குப் பெயர் பெற்றது; கொல்லிமலையில் சாமைக் காடுகள் மரவள்ளிக் காடுகளாகின. மரவள்ளி வருமானம் தந்தது, ஆனால் அது பெரும்பாலும் மாவுச்சத்தே. கொல்லிமலைச் சிறுதானியங்களை மீட்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நெடுங்காலம் உழைத்து வந்திருக்கிறது.

மாற்றம் தண்ணீரிலும் மின்சாரத்திலும் தொடங்கியது. மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது. சில ஆண்டுகளில் அதன் நீர்மின் நிலையமும் இயங்கத் தொடங்கியது. விடுதலைக்குப் பின் மின்மோட்டார்கள் ஊருக்கு ஊர் பரவ, கவலை வாரிகள் மண்மூடிப் போயின. சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் வந்தது. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு எங்கும் விசைத்தறி ஓடியது. நாமக்கல் லாரிகளும் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு வண்டிகளும் நாடு முழுக்கப் போயின. அந்த ஓட்டுநர்களின் உழைப்பு கடினமானது, ஆனால் உட்கார்ந்தே செய்வது. கோயம்புத்தூரில் 1955-இல் மாவரைக்கும் இயந்திரம் வந்தது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறிகளை விலையின்றி வழங்கத் தொடங்கியபோது, கடைசியாக மிஞ்சியிருந்த ஆட்டுக்கல்லும் கொல்லைக்குப் போனது. பெண்களின் முதுகை நிமிர்த்திய விடுதலை இது. உரலுக்குத் திரும்புங்கள் என்று யாரும் அவர்களிடம் சொல்லக்கூடாது. ஆனால் வேலையோடு சேர்ந்து உடம்புக்குக் கிடைத்த பயிற்சியும் போயிற்று, அதன் இடத்தில் வேறெதுவும் வைக்கப்படவில்லை. மண்தரை வழவழப்பான டைல்ஸ் ஆனது. பாயும் பலகையும் கட்டிலாகவும் நாற்காலியாகவும் உயர்ந்தன. தரையில் உட்கார்ந்து எழும் பழக்கம் ஒரே தலைமுறையில் கழன்றது.

இதே காலத்தில் ஆயுள் நீண்டது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் மக்கள்தொகையில் 10.4 விழுக்காடு, கேரளத்துக்கும் கோவாவுக்கும் அடுத்த இடம். பிள்ளைகள் வேலைக்காக நகரங்களுக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, தோட்டத்து வீட்டில் கிழவனும் கிழவியும் மட்டும் இருக்கும் குடும்பங்கள் பெருகின. அவர்களுக்கு விழுதல் ஒரு பெரிய ஆபத்து. உலக அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எதிர்பாரா விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த காரணம் இது. அறுபதைக் கடந்தவர்களே இதில் மிகுதி. இரவில் கழிப்பறைக்கு எழுந்து, ஈரத் தரையில் கால் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து, அதன்பின் படுக்கையை விட்டு எழாமலே போனவர்களின் கதை ஒவ்வொரு ஊரிலும் சொல்லப்படுகிறது.

மருத்துவ அறிவியல் முதுமைத் தளர்ச்சியைத் தனியே ஆராயத் தொடங்கியது அண்மையில்தான். வயதோடு தசை கரைவதற்கு சார்கோபீனியா என்று இர்வின் ரோசன்பெர்க் 1989-இல் பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் பாஸ்டனில் மரியா ஃபியாடரோன் குழுவினர், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுடைய கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. கரைந்த தசையும் பயிற்சிக்குப் பணியும் என்பதை அந்தச் சோதனை உறுதி செய்தது. பிரேசில் மருத்துவர் கிளாடியோ கில் அராவுஜோ, கையை ஊன்றாமல் தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா என்பதையே ஒரு சோதனையாக வகுத்து, 51 முதல் 80 வயதுவரை 2,002 பேரிடம் பார்த்து, 2012-இல் முடிவை வெளியிட்டார். எழச் சிரமப்பட்டவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. அவர் பங்கு பெற்ற மற்றோர் ஆய்வு 2022-இல் வந்தது: பத்து நொடி ஒற்றைக் காலில் நிற்க முடியாதவர்களுக்கு அடுத்து வந்த ஏழு ஆண்டு அளவில் இறப்பு அபாயம் 84 விழுக்காடு அதிகம். திருகை முன் உட்கார்ந்து எழுந்த அம்மாயியும் வரப்பில் ஒரு காலில் நின்று மடை வெட்டிய அப்பாரும் அந்தச் சோதனைகளை ஒவ்வொரு நாளும் தேறியவர்கள்.

65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உழைப்போ நடையோ செய்ய வேண்டும் என்றும், அதோடு வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையையும் வலுவையும் வளர்க்கும் பயிற்சி வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வழிகாட்டியது. முதல் பாதி எல்லோருக்கும் தெரிகிறது. நடந்தால் போதும் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். இரண்டாம் பாதிதான் விழாமல் காப்பது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, குதிகாலும் விரலும் தொட அடிமேல் அடி வைத்து நடப்பது, பக்கத்தில் ஆள் நிற்கப் பின்னோக்கி நடப்பது ஆகியவை அதில் அடங்கும். கருவி எதுவும் வேண்டாம். புரதமும் வேண்டும், முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒன்று முதல் 1.2 கிராம் வரை என்று வல்லுநர் குழுக்கள் பரிந்துரைக்கின்றன. ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம். நாட்டுக்கே முட்டை அனுப்பும் நாமக்கல்லில், புரட்டாசி மாதம் விற்பனை குறைந்து விலை சரியும் அளவுக்கு விரதம் வலுவானது. விரதம் இருக்கும் முதியவர்கள் அந்த நாட்களில் கொள்ளு, பயறு, தயிர் ஆகியவற்றைக் கூட்டிக்கொள்வது அவசியம்.

அரசு முதியோரை முதலில் பசியிலிருந்து காக்க முனைந்தது. ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் ஓய்வூதியம் 1962 ஏப்ரலில் தொடங்கியது. 1982-இல் வந்த சத்துணவுத் திட்டம் அடுத்த ஆண்டு ஓய்வூதியம் பெறும் முதியோருக்கும் விரிந்தது. மருத்துவத்தில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-இல் முதியோர் மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது, டாக்டர் வி.எஸ். நடராசன் அதை வளர்த்தெடுத்தார். நாட்டிலேயே முதல் முதியோர் மருத்துவப் பட்டமேற்படிப்பும் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996-இல் வந்தது. கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நேரடியாக எட்டியது 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம்: இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரை வீடு தேடி வருவதோடு, தேவைப்படுவோருக்கு இயன்முறைப் பயிற்சியாளரும் வருகிறார். 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற பெயரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டது. இவை அருமையான தொடக்கங்கள். ஆனால் வீட்டுக்கு வரும் இயன்முறை பெரும்பாலும் படுத்துவிட்டவர்களுக்கு. நடைபாதை நன்றாக நடப்பவர்களுக்கு. விழப்போகும் நிலையில் இடையே இருப்பவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், அவர்களுக்கான பயிற்சி இன்னும் ஊர் மந்தைக்கு வந்து சேரவில்லை.

கொங்கு மண்ணே அதற்குச் சில வழிகளை உருவாக்கியிருக்கிறது. நெசவாளர் குடும்பத்தில் கூடுவாஞ்சேரியில் பிறந்த வேதாத்திரி மகரிஷி (1911–2006) எளிய உடற்பயிற்சியையும் காயகல்பப் பயிற்சியையும் வகுத்து, 1984-இல் ஆழியாறில் அறிவுத் திருக்கோயிலை நிறுவினார். சித்தர்களின் பயிற்சிப் பகுதி மடத்தை விட்டு வெளியே வந்து, கொங்கு ஊர்களில் மனவளக்கலை மன்றங்களாக ஓய்வு பெற்றவர்களை விடியலில் கூட்டியது. பொள்ளாச்சிப் பக்கம் பிறந்து கோவையில் வாழ்ந்த நானம்மாள் 99 வயதுவரை யோகம் கற்றுக் கொடுத்தார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இவற்றைவிட வேகமாகப் பரவியது வள்ளி கும்மி. வள்ளி முருகன் கதையைப் பாடிக்கொண்டே வட்டமாக நின்று கைதட்டி, குனிந்து, திரும்பி, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடை மாற்றி ஆடுவது. பக்கவாட்டு அடியும் திருப்பமும் தாளமும் ஒன்றாக வருவதால் சமநிலைப் பயிற்சிக்கு வேண்டியது எல்லாம் அதில் அடங்கியிருக்கிறது. கோவை மாவட்டத்து எம். பத்திரப்பன் இந்தக் கலையைப் பெண்களுக்கும் கற்றுக் கொடுத்து மீட்டெடுத்தார்; 2024-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 87. கோவை, ஈரோடு, திருப்பூரைத் தாண்டி நாமக்கல், சேலம் ஊர்களிலும் ஆசிரியர்கள் மாலை நேரத்தில் கோயில் திடலில் பழக்குகிறார்கள். சில வாரப் பயிற்சி முடிந்ததும் ஊர் கூடி அரங்கேற்றம் நடக்கும். பள்ளிப் பிள்ளைகளும் தாய்மாரும் பாட்டிமாரும் ஒரே வட்டத்தில் அடி வைக்கிறார்கள். மூட்டு வலி உள்ளவர்கள் குனிவைக் குறைத்துக்கொண்டு தாளத்தை மட்டும் பிடிக்கிறார்கள்.